பழைய மஸ்டாங்கின் பிறவி கியர்பாக்ஸ் எது?

1965 ஃபோர்டு மஸ்டாங் ஒன்றில் இன்று நான்கு கியர் மேனுவல் இருக்கிறது. ஆலையில் பொருத்தியதும் அதுதானா?

வண்டி எண் இதைச் சொல்லாது. ‘5எஃப்07சி’ என்று தொடங்கினால், 5 என்பது 1965. எஃப், டியர்பார்ன் ஆலை. 07, ஹார்ட்டாப் உடல். சி, 289 கன அங்குல இன்ஜின். பிறகு வரிசை எண். கியர்பாக்ஸுக்கு அதில் இடமே இல்லை.

விடை ஓட்டுநர் கதவின் ஓரத்தில், ரிவெட் அடித்த சிறு அலுமினியத் தகட்டில் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் 1 என்றால் மூன்று கியர் மேனுவல், 5 என்றால் நான்கு கியர், 6 என்றால் ஆட்டோமேட்டிக். தேதிக் கட்டத்தில் ‘16சி’ என்றிருந்தால் மார்ச் 16.

ஆனால் கதவை மாற்றினால் தகடும் போய்விடும். புதுத் தகடுகளும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஆகவே தகட்டை மட்டும் நம்பக்கூடாது. ரேடியேட்டரையும் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் சூடேறும். அதைக் குளிர்விக்கும் குழாய்களுக்கான இணைப்புகள் கீழ்த்தொட்டியில் இருக்கும். ரேடியேட்டரும் மாற்றக்கூடிய பாகம்தான் என்றாலும், கூடுதல் சாட்சி.

பானெட்டைத் திறந்து, உள் ஃபெண்டர் தகட்டில் பொறித்த வண்டி எண் கதவுத் தகட்டிலுள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.