ஒரு சிறு சபையின் நிருவாகம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களில் சிவப்பு வண்ணக் கதவுடைய சிறு கோயில்களைக் காணலாம். அவற்றுட் பல எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்தவை. கதவுக்குச் சிவப்புப் பூசவேண்டும் என்று விதியொன்றும் இல்லை, பழக்கத்தால் வந்தது. உள்ளே ஞாயிறுதோறும் நாற்பது ஐம்பது பேர் கூடுவர். ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக வழிபாடு நடைபெறும். பின்னர்க் காப்பி அருந்திக் கலைவர். அந்த ஒரு மணி நேரம் தவறாமல் நடைபெறுவதற்கு வாரத்தின் மற்றை நாட்களில் யார் யார் என்னென்ன செய்கின்றனர் என்பதை மாணவர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். சமயக் கொள்கைகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. சில குடும்பங்கள் ஒன்றுகூடி, அரசின் உதவியின்றி, ஒரு பொது நிறுவனத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவருவது எங்ஙனம் என்பதே நாம் ஆராயவிருக்கும் வினா.

எபிஸ்கோப்பல் என்னும் சொல், மேற்பார்வையாளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் வந்தது. பழைய தமிழ் விவிலியம் அதனைக் ‘கண்காணி’ என்றே மொழிபெயர்த்தது. தேயிலைத் தோட்டத்துக் கண்காணியை நினைந்து மாணவர்கள் நகைக்க வேண்டா. பேராயரின் மேற்பார்வையில் இயங்கும் சபை என்பது பொருள். இங்கிலாந்துத் திருச்சபையின் கிளையாகவே இது அமெரிக்காவிற் காலூன்றியது. அந்நாடு விடுதலை பெற்றதும் ஓர் இக்கட்டு நேர்ந்தது. பேராயராகத் திருநிலை பெறுவோர் ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தல் வேண்டும் என்பது இங்கிலாந்தின் சட்டம். மன்னரை எதிர்த்துப் போராடி வென்ற மக்கள் அதற்கு எவ்வாறு உடன்படுவர்? ஆகவே சாமுவேல் சீபரி என்பார் ஸ்காட்லாந்துக்குச் சென்று, 1784இல் அபர்தீன் நகரிற் பேராயரானார். 1789இல் இச்சபை தனக்கென ஓர் அமைப்புச் சட்டம் வகுத்துக்கொண்டது. அந்நாட்டின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் இதன் பொதுப் பேரவையிலும் இரண்டு அவைகள் உண்டு. பேராயர்கள் ஓர் அவை. குருமாரும் பொதுமக்களும் சேர்ந்து மற்றோர் அவை. ஒரு பேராயரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதியைத் திருமண்டலம் என்றும், அதன் உட்பிரிவைச் சேகரம் என்றும் நம் தென்னிந்தியத் திருச்சபையார் வழங்குவர். ஆங்கிலிக்கன் மரபும் கலந்து 1947இல் உருவான சபையாதலின், அச்சொற்களையே இங்கும் ஆளுகிறேன்.

சேகரத்தின் நிருவாகக் குழுவுக்கு வெஸ்ட்ரி என்று பெயர். குருவானவர் வழிபாட்டு உடை அணியும் அறைக்கு ஆங்கிலத்தில் வெஸ்ட்ரி என்று பெயர். இங்கிலாந்தில் ஊரார் அவ்வறையிற் கூடி ஊர்க்காரியங்களைப் பேசினர். அறையின் பெயர் குழுவுக்கும் ஆகிவந்தது. வர்ஜீனியாக் குடியேற்றத்தில் 1662ஆம் ஆண்டுச் சட்டம் இக்குழுவின் தொகையைப் பன்னிரண்டு என வரையறுத்தது. ஜார்ஜ் வாஷிங்டனும் ட்ரூரோ சேகரத்தின் வெஸ்ட்ரியில் உறுப்பினராக இருந்தவரே. குருவுக்குச் சம்பளம் பணமாக அன்று, புகையிலையாக அளக்கப்பட்டது. 1696ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டொன்றுக்கு 16,000 பவுண்டு புகையிலை. 1758இல் விளைச்சல் குன்றி விலை ஏறியது. உடனே சட்டமன்றம், பவுண்டுக்கு இரண்டு பென்னி வீதம் பணமாகக் கொடுத்தாற் போதும் என்று விதித்தது. குருமார் வெகுண்டனர், வழக்குத் தொடுத்தனர். 1763இல் ஒரு வழக்கில், சேகரத்தார் சார்பில் பேட்ரிக் ஹென்றி என்னும் இளம் வழக்கறிஞர் வாதாடினார். ஜேம்ஸ் மோரி என்ற குருவுக்கு நடுவர் குழு அளித்த நட்டஈடு ஒரே ஒரு பென்னி! விடுதலைப் போரின் வரலாற்றில் இவ்வழக்கைப் படிப்பீர்கள். நமக்கு வேண்டியது இது: பலிபீடம் ஒருவர் பொறுப்பிலும் பணப்பை மற்றொருவர் பொறுப்பிலும் இருக்கும் ஏற்பாடு அன்றே வேரூன்றிவிட்டது. விடுதலைக்குப் பின் அரசின் வரி நின்றது. வெஸ்ட்ரி மட்டும் நிலைத்தது.

இன்று ஆண்டுக் கூட்டத்திற் சபையார் வாக்களித்து வெஸ்ட்ரியைத் தேர்ந்தெடுக்கின்றனர். சிறு சேகரத்தில் ஆறு முதல் பன்னிருவர் வரை இருப்பர். சேகரத்தின் தலைமைக் குருவுக்கு ரெக்டர் என்று பெயர். வழிபாடு, இசை, போதனை ஆகியவை ரெக்டருக்கு உரியவை. பணமும் கட்டடமும் வெஸ்ட்ரிக்கு உரியவை. எந்தப் பாடலைப் பாடுவது என்பதில் வெஸ்ட்ரி தலையிட இயலாது. ஆர்கன் பழுதுற்றால் அதனைச் செப்பனிடும் செலவை ரெக்டர் தம் விருப்பப்படி செய்யவும் இயலாது. ரெக்டரைத் தேர்ந்தெடுப்பது வெஸ்ட்ரி. பேராயருக்கு அறிவித்தே அதனைச் செய்தல் வேண்டும். ஆனால் தேர்ந்தெடுத்த வெஸ்ட்ரியே அவரைத் தன் விருப்பப்படி நீக்கிவிட முடியாது. பிணக்கு முற்றினால் பேராயரிடமே செல்லவேண்டும். இது மிக நுட்பமான ஏற்பாடு. பள்ளி நிருவாகத்தை அறிந்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: தலைமையாசிரியரின் எல்லையும் தாளாளரின் எல்லையும் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்குமாயின் பல பள்ளிகளிற் பாதிச் சண்டை குறையும்.

வெஸ்ட்ரியில் இருவருக்கு வார்டன் என்று பெயர். விடுதியில் உங்களைக் கண்டிக்கும் வார்டன் வேறு, இவர் வேறு. மூத்த வார்டன் ரெக்டருக்கு வலக்கை போன்றவர். ரெக்டர் பதவி காலியாக இருக்கும்போது கூட்டங்களை நடத்துபவரும் அவரே. இளைய வார்டனின் பொறுப்பு கட்டடம். பெயரில்தான் இளையவர், உழைப்பில் அவரே மூத்தவர் என்பது என் கருத்து. பனிக்காலத்தில் வெப்பமூட்டும் கொதிகலன் நின்றுவிட்டால், விடியுமுன் எழுந்து ஓடுபவர் அவர்தான். குழாயில் நீர் உறைந்து குழாய் வெடிக்கும், கூரை ஒழுகும், வாயிற்படியின் பனியை அகற்றாவிடின் முதியோர் வழுக்கி வீழ்வர். பலவிடங்களில் இவ்வேலைக்குச் சம்பள ஆள் கிடையாது. வங்கியிலோ தச்சுப்பட்டறையிலோ பணிபுரியும் ஒருவர் ஓய்வு நேரத்தில் இவற்றைச் செய்கிறார். கீழ்த்தளக் கூடத்தை ஊரிலுள்ள பிற குழுக்களும் பயன்படுத்துகின்றன. குடிப்பழக்கத்தை விட்டொழிக்க முயல்வோரின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இத்தகைய கூடங்கள் பலவற்றில் நடைபெறுகின்றன. 1935இல் தோன்றிய அவ்வியக்கத்தின் தொடக்கத்திற்கு, நியூயார்க்கின் கால்வரி எபிஸ்கோப்பல் கோயிலின் குருவாக இருந்த சாமுவேல் ஷூமேக்கர் பெரிதும் துணைநின்றார். அக்கூடத்தின் சாவியும் இளைய வார்டனிடம்தான்.

இனிப் பீடப் பணிக்குழு. சனிக்கிழமை மாலையில் இரண்டு மூன்று பேர் வந்து, வெள்ளிக் கிண்ணத்தைத் துலக்கி, அப்பமும் திராட்சரசமும் அளந்து வைத்து, திருநாளுக்குரிய நிறத்தில் பீடத்துணி விரிப்பர். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றமாட்டார்கள். நேரே மண்ணுக்குள் வடியுமாறு அமைந்த தனித்தொட்டியில் ஊற்றுவர். கிண்ணம் துடைத்த துணிகளை வீட்டுக்கு எடுத்துச்சென்று கையால் துவைத்துப் பெட்டிபோட்டு வருவர். இப்பணியை நெடுங்காலம் பெண்களே செய்தனர். அவ்வாறு செய்தவர்கள் பொதுப் பேரவையிற் பிரதிநிதிகளாக அமர முடிந்தது 1970இல்தான். குருத்துவம் அவர்களுக்கு உண்டு என்று பேரவை முடிவுசெய்தது 1976இல். துணி துவைக்கலாம், வாக்களிக்கலாகாது என்ற நிலை அத்துணைக் காலம் நீடித்ததற்கு நியாயம் கூறுவது கடினம்.

பணத்திற்கு வருவோம். முற்காலத்திற் பல கோயில்களில் இருக்கைகளுக்கு வாடகை வாங்கினர். செல்வர் முன்னே, ஏழையர் பின்னே. அது மறைந்து, இன்று வாக்குறுதி முறை நிலவுகிறது. இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் அடுத்த ஆண்டு இவ்வளவு தருவோம் என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்கும். அதனைக் கூட்டிப் பார்த்தே வெஸ்ட்ரி வரவு செலவுத் திட்டம் இடும். காணிக்கைத் தட்டில் விழுவதை உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணவேண்டும் என்பது நல்ல நடைமுறை. ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திருவிருந்தின்போது விழும் பொதுக் காணிக்கை, ஏழைகளுக்கு உதவுவதற்கெனக் குருவிடம் ஒப்படைக்கப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது குடும்பங்கள், குடும்பத்துக்குச் சராசரி 2,500 டாலர், ஆக 75,000 டாலர் வரவு. முழுநேரக் குருவுக்கு வீட்டு வசதியும் சேர்த்து ஊதியம் 60,000 டாலர் எனக் கொள்வோம். 1917இல் நிறுவப்பட்ட ஓய்வூதிய நிதிக்குச் சேகரம் அதில் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் செலுத்தவேண்டும், அது 10,800. மீதி 4,200 டாலர். இதற்குள் குருவின் மருத்துவக் காப்பீடு, திருமண்டலப் பங்கு, கட்டடக் காப்பீடு, கொதிகலனின் எரிபொருள், கூரை எல்லாம் அடங்கவேண்டும், அடங்காது. முன்னோர் விட்டுச்சென்ற மூலநிதி இருந்தால் அதன் வருவாயை எடுப்பர். வருவாய் போதாமல் முதலிலேயே கைவைப்பது விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதற்கு ஒப்பாகும். அவ்வாறு சமைத்துண்ட சேகரங்களும் உண்டு.

இச்சபையின் கோயில்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் இன்று ஞாயிறு வருகை ஐம்பதுக்கும் குறைவு. ஆகவே முழுநேரக் குரு இல்லாத சேகரங்கள் மிகப் பல. சிலவற்றில் இரண்டு மூன்று சேகரங்கள் ஒரு குருவைப் பகிர்ந்துகொள்கின்றன. சிலவற்றில் ஓய்வுபெற்ற குருவோ, வேறு தொழில் செய்துகொண்டே குருப்பணி புரிபவரோ வருகிறார். எவரும் வாராத ஞாயிறுகளிற் பொதுமக்களில் ஒருவரே ஜெபபுத்தகத்தைக் கையிலெடுத்துக் காலை ஜெபத்தை நடத்துகிறார். 1979ஆம் ஆண்டுப் பதிப்பாகிய அந்நூலில் எல்லாம் அச்சிலிருப்பதால் இது இயலுகிறது. திருவிருந்து மட்டும் குருவின்றி நடைபெறாது. நல்ல வார்டன்கள் வாய்த்த சிறு சேகரம் இவ்வாறு பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். குரு இருந்தும் வார்டன் இல்லாத சேகரம் அத்துணை நாள் நிற்குமா என்பது எனக்கு ஐயமே.

நிற்க இயலாதபோது மூடவேண்டியதுதான். கட்டடத்தைச் சபையார் விற்றுத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. சேகரத்தின் சொத்து திருமண்டலத்திற்காகவும் முழுத் திருச்சபைக்காகவும் பொறுப்பில் வைக்கப்பட்டதே என்று 1979இல் பேரவை விதி செய்தது. பின்னர் இதன்மேற் பல வழக்குகள் நடந்தன. கடைசி வழிபாட்டிற் பேராயர், இவ்விடம் இனி வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டதன்று என்று அறிவிப்பார். வெள்ளிக் கிண்ணம் வேறொரு சேகரத்துக்குப் போகலாம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தவறாமல் எழுதிவந்த பதிவேடுகளைத் திருமண்டலத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைப்பது வழக்கம். நாற்பது ஆண்டு கழித்து, எங்கோ வாழும் ஒருவர் தம் ஞானஸ்நானச் சான்று வேண்டும் என்று எழுதினால், அங்கே ஏட்டைப் புரட்டிப் படி எடுத்து அனுப்புவார்கள்.