ஈழத்துக்கு வாய்த்த தொங்குகள்ளி

கள்ளி என்றவுடன் வன்னி நிலத்தார் நினைவுக்கு வருவன சதுரக்கள்ளியும் திருகுகள்ளியுமே. ஒடித்தவிடத்துப் பால் சொரியும் இவை ஆமணக்கின் குடும்பத்தன. கக்டஸ் குடும்பத்தைச் சார்ந்தவையல்ல. வேலியோரத்து நாகதாளி அக்குடும்பத்ததேயெனினும் அமெரிக்காவினின்றும் கொணரப்பட்டது. அங்ஙனமாயின், ஈழத்துக்கு உரிய கக்டஸ் யாதேனும் உண்டோ? ஒன்று உண்டு. அதுவே தாவரநூலார் 'ரிப்சாலிஸ் பாக்ஸிபெரா' என வழங்கும் தொங்குகள்ளி.

கக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. ஆபிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை ஆகிய நாடுகளில் இயல்பாக வளரும் கக்டஸ் இஃதொன்றே. இது கடல் கடந்த வரலாறு இன்னும் ஆராய்ச்சிக்குரியது. குருவிச்சையின் கனிபோன்ற வெண்ணிறச் சிறுகனியும், அதனுள் அமைந்த பசைமிகு விதையும் பறவைகளாற் பரம்பத்தக்கவை. ஆதலின் பறவைகளே கொணர்ந்தன என்பார் ஒருசாரார். மாலுமிகள் கொணர்ந்தனர் என்பார் மற்றொரு சாரார்.

மத்திய மலைநாட்டை அண்டிய ஈரலிப்பான காடுகளில் மரக்கிளைகளையும் பாறைகளையும் பற்றி இது தொங்கும். மரத்தைப் பற்றினும் அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. இவ்வகையில் இது குருவிச்சையின் வேறானது. இலையில்லாமையின் பசிய தண்டே ஒளித்தொகுப்பை இயற்றும். இலைவாய்கள் இரவிலே திறந்து காபனீரொட்சைட்டை ஏற்றுப் பகலில் மூடிக்கொள்வதால் நீரிழப்புக் குறைகின்றது.

இத்தகைய செடியை ஸ்கந்தபுரம் போன்ற வறண்ட வலயத்து ஊரில் வளர்ப்போர், அதனைப் பாலைவனச் செடியென மயங்குதல் கூடாது. உச்சிவெயில் தண்டைக் கருக்கும். மாமர நிழலில் வடிந்து விழும் ஒளியே போதும். நான்கு அங்குலத் தண்டினை நறுக்கி, வெட்டுவாய் உலரச் சில நாள் நிழலில் வைத்தபின் ஓரங்குல ஆழம் ஊன்றுதல் வேண்டும். வெறும் களிமண் ஆகாது. உப்பு நீங்க ஊறவைத்துக் கழுவிய தென்னந்தும்பு, மக்கிய இலை, கரித்துண்டு, பருமணல் ஆகியவற்றின் கலவையைத் துளையுள்ள தொங்குசட்டியில் இடுக.

ஆண்டு மழையின் பெரும்பகுதி இங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்கின்றது. அக்காலத்து நீர் தேங்கின் வேர் அழுகும். சட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றுதல் நன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தண்டு சுருங்காவண்ணம் மாலைதோறும் நீர் தெளித்தல் வேண்டும். கிணற்று நீர் சுண்ணாம்புச் செறிவுடையதாயின், சேமித்த மழைநீரே உகந்தது. வெண்பஞ்சுபோற் படியும் மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைத்தகற்றலாம்.

ஒரு தண்டிலிருந்து பல செடிகளைப் பெறலாகுமாதலின், காட்டுச் செடியைப் பறித்தற்குக் காரணமேயில்லை. வளர்ப்போரிடம் ஒரு துண்டு பெறுதலே முறை. காடு அழியின் இதனைத் தாங்கும் கிளையும் அழியும். சட்டியில் வளர்ப்பது காட்டைக் காப்பதற்கு ஈடாகாது. எனினும், கல்லூரித் தோட்டத்தில் இதனைக் கண்ணாற் கண்டு பழகிய மாணவன், காட்டுக் கிளையிலும் இதனை இனங்கண்டு பேணுவான் என்பது திண்ணம்.