புலி பார்க்கப் போன கதை!

பி.காம். படித்தவன் குழந்தைகளோடு வண்டலூர் போனால், புலியைப் பார்க்க மாட்டான், பர்ஸைத்தான் பார்ப்பான்!

1855-ல் சென்னையில் பிறந்து, 1985-ல் வண்டலூருக்குக் குடிபோன மிருகக்காட்சி சாலை. பரப்பளவு 602 ஹெக்டேர். நுழைந்த கால் மணியில் சின்னவள், "கால் வலிக்குதுப்பா" என்றாள். அப்புறம் முழுக்க என் தோளில்தான் சவாரி.

சிங்கம் தூங்கியது. நீர்யானை முதுகை மட்டும் காட்டியது. பெரியவன் ஐஸ்க்ரீமைச் சட்டைக்கு ஊட்டினான். 'மொத்தமும் தண்டச் செலவு' என்று மனசுக்குள் கணக்கெழுதினேன்.

ராத்திரி சின்னவளிடம், "எதும்மா ரொம்பப் பிடிச்சுது?" என்றேன்.

"உங்க தோள்தாம்ப்பா. தினம் நான் எழுந்திருக்கறதுக்குள்ள ஆபீஸ் போயிடறீங்களே..."

வரவுப் பக்கத்தை எழுத மறந்தது அப்போதுதான் உறைத்தது. தோள்வலிக்கு வாங்கிய தைலத்தை மட்டும் செலவில் எழுதவில்லை சார்!