கணினியின் காவற்காரனும் அவனுக்கிடும் கட்டளைகளும்

சப்ரகமுவ மாகாணத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் எழுதுவினைஞராகவும் மருந்தாளராகவும் ஆசிரியராகவும் பணிபுரிந்தோர் இம்மலரின் வாசகருள்ளும் சிலர் இருத்தல் கூடும். அவர்கட்குக் காலைப் பிரட்டின் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. விடிந்ததும் விடியாததுமாகப் பிரட்டுக்களத்திற் பெயர் பதியப்படும். பகலிற் கொழுந்து நிறுக்கப்படும். இறப்பர்த் தோட்டமாயின் பால் அளக்கப்படும். மாலையில் அவ்வெண்கள் யாவும் காரியாலயத்துச் செக்றோலில் ஏறும். நிறை குறைந்தவரின் பெயர் அரைப்பெயராகும். காரியாலய முற்றத்து மழைமானியையும் நாளுக்கொருமுறை பார்த்துக் குறித்துவைப்பர். அளந்து எழுதப்படாத எதுவும் தோட்டத்தில் நிகழாததாகவே கொள்ளப்படும்.

இன்று அச்செக்றோல் பல தோட்டங்களிற் கணினியினுள்ளே இருக்கின்றது. எல்லாருடைய கணக்கையும் வைத்திருக்கும் அக்கணினியின் கணக்கை எழுதுபவர் யார்? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

எவரும் அழையாமலே கணினியின் திரைமறைவில் நின்று இடையறாது தொழில் செய்யும் நிரலை டீமன் என்பர். 1963ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தினர், இயற்பியலறிஞர் மக்ஸ்வெல் கற்பித்த பூதமொன்றை நினைந்து இப்பெயரை இட்டனர். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரச் சில்லைக் காக்கும் ரோதமுனிக்குப் பூசையிடுவதைக் கண்ட மலையகத்தார்க்கு இப்பெயர் வியப்பளியாது. அளக்கும் டீமன்களுள் ஒன்று கலெக்ட்டீ என்பது. ஜெர்மனியரான புளோரியன் போஸ்டர் 2005இல் இதனைத் தொடங்கினார். விலையின்றிப் பெறலாம், சிறு கணினியிலும் பாரமின்றி ஓடும்.

இதனைப் பற்றி முதலில் அறியவேண்டியது, கலெக்ட்டீ தானாக எதனையும் அளப்பதில்லை என்பதே. அது வெறும் கங்காணி; வேலை செய்வோர் சொருகிகள். ஆங்கிலத்தில் இவற்றைப் பிளகின் என்பர். நினைவகத்தை அளக்க ஒரு சொருகி, வட்டில் எஞ்சிய இடத்தை அளக்க ஒன்று, வலையிணைப்பிற் போகும் வரும் தரவை எண்ண ஒன்று எனப் பல உண்டு. அளந்ததை வட்டில் எழுதுதற்கும், வேறொரு கணினிக்கு அனுப்புதற்கும், பிழையைப் பதிவேட்டிற் குறித்தற்கும் தனித்தனிச் சொருகிகளே வேண்டும். எவை எவை வேலைக்கு வரவேண்டும் என்பதை அமைப்புக் கோவை எனும் எழுத்துக் கோப்பில் வரிக்கு வரியாக எழுதுகின்றோம். லோட்பிளகின் என்னுஞ் சொல்லும் அதனை அடுத்துச் சொருகியின் பெயருமே ஒரு வரி. அச்சொருகிக்குத் தனியான கட்டளைகள் இருப்பின், அவற்றைக் கீழே அதற்குரிய கட்டுக்குள் எழுதுதல் வேண்டும். வரியின் தலையில் # என்னுங் குறி இருந்தால் அவ்வரி எழுதப்படாததற்குச் சமம். நிரலோடு வரும் மாதிரிக் கோவையிற் பெரும்பாலான சொருகிகளின் வரிகள் இக்குறியுடனேதான் இருக்கின்றன.

அக்குறி யான் பட்டறிந்த ஒன்று. சப்ரகமுவவில் ஒரு தோட்டக் காரியாலயத்துக் கணினிக்கு இக்காவலை அமைத்துக் கொடுத்திருந்தேன். சம்பளம் கொடுக்கும் பத்தாந் திகதிக்கு முதல்நாள் மாலை செக்றோல் நிரல் திடீரென நின்றுவிட்டது. வரைபடங்களைத் திறந்து பார்த்தேன். செயலியில் நெருக்கடியில்லை, நினைவகம் தாராளமாயிருந்தது, கோடுகள் யாவும் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன. அவ்வமைதியை நம்பி, நிரலிற் பிழையெனத் துணிந்து அதனை இரண்டு மணி நேரம் துருவினேன். உண்மையில் வட்டு நிறைந்து ஓரெழுத்து எழுதவும் இடமில்லாதிருந்தது. வட்டின் இடத்தை அளக்கும் டீ.எப். என்னும் சொருகியின் வரித்தலையில் அந்தக் # அழிக்கப்படாமலே இருந்தது. பிழை என்னுடையதே. மறுநாட் காலையில் வாசலில் வந்து நின்றோர்க்குச் சம்பளம் நண்பகல் கடந்தே கிடைத்தது. சிலர் கைக்குழந்தைகளோடு வந்திருந்தனர்.

வட்டு நிறைந்தும் வரைபடம் ஏன் நிற்கவில்லை என்று பின்னர் ஆராய்ந்தேன். வரைபடத் தரவைச் சேமிப்பது ஆர்.ஆர்.டீ. என்னும் கோப்பு முறை. சுவிற்சர்லாந்தில் வாழும் தொபியாஸ் ஒயற்றிக்கர் ஆக்கியது. அக்கோப்பு பிறக்கும்போதே தன் முழு அளவையும் பிடித்துக்கொள்ளும், பின்பு வளராது, பழைய எண்களின்மேற் புதியன சுழன்று எழுதப்படும். ஆதலின் மற்றெல்லாம் மூச்சடைத்து நின்ற வேளையிலும் அது சுகமாக எழுதிக்கொண்டேயிருந்தது. சிறந்த ஏற்பாடுதான், எனினும் அன்று என்னை ஏமாற்றியதும் அதுவே.

டீ.எப். சொருகியை எழுப்பினால் மட்டும் போதாது. எந்த வட்டுப் பிரிவை நோக்கவேண்டும் என்றுங் கூறவேண்டும். மவுண்ட்பொயின்ற் என்னும் வரியிற் பிரிவின் பெயரை இடுகின்றோம். இக்னோசெலெக்டெட் என்னும் வரியில் ‘பொய்’ என்றால், பெயரிட்டவற்றை மட்டும் அது அளக்கும். ‘மெய்’ என்றால், பெயரிட்டவற்றை விடுத்து ஏனையவற்றை அளக்கும். ஒரே சொல் மாறினாற் காவற்காரன் வீட்டை விட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பான். பதிவேடு எழுதும் சொருகியைக் கோவையின் தலையிலேயே இடுக. அதற்கு முன் ஏறும் சொருகி பிழைத்தால் அப்பிழையைக் குறிக்க ஆளிராது.

இனி, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளப்பது என்பது. இதனை இன்டர்வல் என்னும் வரி தீர்மானிக்கின்றது. நாம் ஒன்றுங் கூறாவிடிற் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை அளக்கும். இவ்வெண்ணைத் தொடக்கத்திலேயே ஆலோசித்து இடவேண்டும். ஆர்.ஆர்.டீ. கோப்புகள் இவ்விடைவெளிக்கேற்பவே படைக்கப்படுகின்றன. பின்னொருநாள் மாற்றினாற் பழைய கோப்புகள் பொருந்தா. அவற்றோடு பழைய வரலாறும் போகும்.

இடைவெளியின் அருமையை உணர்த்த மழையைக் காட்டிலும் நல்ல உதாரணம் சப்ரகமுவவில் இல்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவுகளை வகுத்துள்ளது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பு; 100 கடந்தால் ஆயத்தம்; 150 கடந்தால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 கடந்தால், இடம்பெயர்தல். இந்தக் கடைசி அளவையை நோக்குக. நள்ளிரவில் ஒரே மணி நேரத்தில் 96 மில்லிமீற்றர் கொட்டி ஓய்ந்ததெனக் கொள்வோம். நாளுக்கொருமுறை பார்க்கும் மழைமானி, மணிக்குச் சராசரி 4 மில்லிமீற்றர் என்றே கணக்குக் காட்டும். அஃது எவரையும் எழுப்பாத தூறல். எண் பொய்யன்று, இடைவெளிதான் உண்மையை விழுங்கிவிட்டது. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளிற் புலத்கொஹுபிட்டியவுக்கு அண்மையிலுள்ள களுபஹனத் தோட்டத்தின் லயன் அறைகளும் மண்ணிற் புதைந்தன. இவற்றைக் கண்ட மாவட்டத்தில் இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று.

கணினியிலும் இதே சங்கடம் உண்டு. ஆர்.ஆர்.டீ. கோப்பிற் பழைய எண்கள் நாட்பட நாட்படச் சராசரியாக ஒடுக்கப்படும். கலெக்ட்டீ சராசரியோடு அவ்வவ் வேளையின் உச்ச எண்ணையும் தனியே காத்துவைக்கின்றது. மாதக் கணக்கைப் பார்ப்போர் உச்சக் கோட்டையும் வரையச் சொல்லிப் பார்த்தல் வேண்டும்.

மழைமானியையே இக்காவலுடன் இணைத்தலும் இயலும். எக்ஸெக் என்னும் சொருகி நாம் எழுதிய சிறு நிரலொன்றை ஓடவிட்டு, அது கூறும் எண்ணை ஏற்றுக்கொள்ளும். அந்நிரலை நிருவாகியின் முழு அதிகாரத்துடன் ஓட்ட அது மறுக்கும். தனிப் பயனர் ஒருவர் பெயரில் ஓட்டவேண்டும். தானியங்கி மழைமானியுள் 0.2 மில்லிமீற்றர் நிறையுந்தோறும் கவிழும் சிறு கிண்ணமுண்டு. அக்கவிழ்வுகளை எண்ணுதலே வேலை. இங்கே எண்ணின் வகையைத் தெரிந்து கூறல் வேண்டும். கேஜ் என்பது இந்நேரத்து நிலை, வெப்பநிலைக்குப் பொருந்தும். ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கைக்கு டிறைவ் அல்லது கவுன்றர் என்னும் வகை வேண்டும். இவ்விரண்டனுள் ஒரு பேதம். மின்சாரம் நின்று எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கினால், கவுன்றர் அதனைத் தன் எல்லையைச் சுற்றிவந்த எண்ணெனக் கருதி, பெய்யாத பெருமழையொன்றைப் பெய்வித்துவிடும். டிறைவ் வகைக்குக் கீழெல்லை பூச்சியமென வகுத்திருந்தால் அவ்வெண்ணைத் தள்ளிவிடும். மின்வெட்டுப் பழகிய நாட்டார் பின்னதையே கொள்க. கடந்த ஒரு மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்குமான மொத்தங்களை அந்நிரலே கூட்டி, கேஜ் வகையிற் கொடுக்கலாம். இது தோட்டத்தின் சொந்த அறிவுக்கேயன்றி நிறுவனத்தின் எச்சரிக்கைக்குப் பதிலாகாது.

எல்லை கடந்ததை அறிவிப்பது திறெஷோல்ட் என்னும் சொருகி. ‘எச்சரிக்கை இதற்கு மேல்’, ‘ஆபத்து இதற்கு மேல்’ என இரு வரம்புகளை அதில் எழுதலாம். ஹிற்ஸ் என்னும் வரியில் எண்ணொன்றை இட்டால், எல்லை ஒருமுறை மீறப்பட்டதற்கே கூக்குரலிடாது, அத்தனை முறை மீறிய பின்பே கூறும். அதனினும் பெரிது, இன்ரறெஸ்றிங் என்னும் வரி. அது ‘மெய்’ எனின், வந்துகொண்டிருந்த எண் வராது நின்றபோதும் ஆபத்தென அறிவிக்கும். மௌனத்தைச் சுகமென்று எண்ணாத காவற்காரனுக்கு இடுங் கட்டளை இது. யான் முதலில் இதனைத் தோட்டத்துக் கணினியிலேயே எழுதி மகிழ்ந்திருந்தேன். இறந்த கணினி தன் இறப்பை எங்ஙனம் அறிவிக்கும்? ஆதலின் நெற்வேர்க் சொருகியினால் எண்களை 25826ஆம் துறைவழியே நகரத்துக் கணினிக்கு அனுப்பி, திறெஷோல்ட் சொருகியை அங்கே அமைத்தல் வேண்டும். பொது வலையிற் போவதாகையால், பாதுகாப்பு நிலையை மறையீடு என வைத்து, இரு பக்கமும் ஒரே இரகசியச் சொல்லையும் இடுக. அறிவித்தலைக் கைத்தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ கொண்டுசெல்ல இன்னுமொரு சொருகி வேண்டும். அஃதின்றேற் செய்தி பதிவேட்டோடு நின்றுவிடும்.

கோவையைத் திருத்தியபின் உடனே டீமனை மீளத் தொடக்காது, முதலிற் சோதனைக் கட்டளையால் அதனை வாசிப்பித்துப் பார்க்க. எழுத்துப் பிழையை அது காட்டும்; ஆயின் # இட்டு மறந்த வரியைக் காட்டாது. அதற்கு வேறு வழியே உண்டு. அடுத்த மாதச் சம்பளத்துக்கு ஒரு கிழமை முன், அதே காரியாலயத்தில் வலைக்கம்பியைக் கையாற் பிடுங்கிவிட்டுத் தொலைபேசியை மேசைமேல் வைத்துக் காத்திருந்தோம். தலைமை எழுதுவினைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடத்துக்குள் தொலைபேசி ஒலித்தது. அதன் பின்பே கம்பியை மீளப் பூட்டினோம்.