உழவு இயந்திரத்தின் கிளச்சும் கியர்ப் பெட்டியும்: ஓசையால் பழுதை அறியும் முறை

உழவு இயந்திரம் பழுதடையுமுன் பெரும்பாலும் தன் ஓசையினாலேயே அதனை அறிவிக்கின்றது. பெரும்போக மழை பெய்து வயல் பதமாகியிருக்கும் வேளையில் இயந்திரம் நின்றுவிட்டால் விதைப்புப் பிந்தும். அந்நாட்களில் கூலிக்கு உழவு பிடிப்பதும் எளிதன்று. நாலு சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றில், கிளச்சை அடைவதற்கு இயந்திரத்தையே நடுவில் இரண்டாகப் பிரித்தல் வேண்டும். ஆகையால் பழுது எவ்விடத்தில் உள்ளதென்பதைப் பிரிக்குமுன்னரே அறிதல் அவசியம்.

வேலை செய்யும் விதம்

கிளச் மிதியை மிதிக்காதபோது, எஞ்சினின் சுழற்சி கிளச் பிளேற் வழியாகக் கியர்ப் பெட்டியின் முதல் தண்டுக்குச் செல்லும். மிதியை அழுத்தத் தொடங்கியதும் றிலீஸ் பெயாரிங் முன்சென்று கிளச்சின் விரல்களைத் தொடும். முழுவதும் அழுத்தியதும் முதல் தண்டு நின்றுவிடும். எஞ்சின் மட்டும் சுழலும். அப்போது அத்தண்டின் முன்முனையைத் தாங்கும் பைலற் பெயாரிங் வேலை செய்யும். எந்நிலையில் எப்பாகம் சுழல்கின்றது என்பதை மனத்திற் கொண்டால் சோதனை எளிதாகும்.

சோதனைக்கு முன்

இயந்திரத்தை மட்டமான தரையில் நிறுத்தி, பிறேக்கைப் பூட்டி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கியரை நியூற்றலில் விடுங்கள். பி.ரி.ஓ. நெம்பையும் விடுவியுங்கள், சில இயந்திரங்களில் நீரியற் பம்பி அதனோடு சேர்ந்து சுழல்வதால், பம்பியின் ஓசை கியர்ப் பெட்டியின் ஓசைபோல் தோன்றும். சாரத்தையும் சால்வையையும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது எவரும் இயந்திரத்தின் அடியிலோ சில்லுகளுக்கு முன்பின்னாகவோ நிற்றல் ஆகாது.

நிற்கும் நிலையிற் சோதனை

1. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மிதியைத் தொடாமற் கேளுங்கள். கரகரவென்ற ஓசை இருந்து, மிதியை முழுவதும் அழுத்தியதும் மறையுமாயின், கியர்ப் பெட்டியில் எண்ணெய் குறைந்திருக்கலாம். அல்லது முதல் தண்டின் பெயாரிங் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டியதும் மறையும் கடகடப்பு, கிளச் பிளேற்றின் நடுவிலுள்ள சுருள்விற்கள் தளர்ந்தமையால் எழுவதாகலாம்.

2. மிதியை விரலால் அழுத்துவதுபோல் மெல்ல அழுத்துங்கள். விரல்களைத் தொடும் அக்கணத்திலேயே கீச்சென்ற ஓசை எழுந்தால், றிலீஸ் பெயாரிங் பழுதடைந்துள்ளது.

3. மெல்ல அழுத்தும்போது ஓசையின்றி, முழுவதும் அழுத்திய பின்னரே எழுந்தால், பைலற் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

4. மிதியை எவ்வாறு வைத்தாலும் ஓசை மாறாவிடின், அது எஞ்சினிலிருந்து எழுவதாகவே பெரும்பாலும் இருக்கும்.

ஓடும் நிலையிற் சோதனை

கட்டைகளை எடுத்துவிட்டு, மேடுபள்ளமற்ற பாதையில் ஒவ்வொரு கியரிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு கியரில் மட்டும் ஓசை எழுந்தால், அக்கியரின் பற்கள் தேய்ந்தோ உடைந்தோ இருக்கும். எல்லாக் கியர்களிலும் எழுந்தால், தண்டுகளின் பெயாரிங்குகளையோ பின் அச்சினையோ பார்க்க வேண்டும். திரும்பும்போது மட்டும் எழுமாயின், பின் அச்சிலுள்ள டிபரென்சல் பற்சில்லுகளே காரணமாகலாம்.

கியர் போடும்போது பற்கள் உராய்ந்து கத்தினால், குறை பெரும்பாலும் கியரிலன்று, கிளச்சிலேயே உள்ளது. மிதி முழுவதும் அழுந்தியும் கிளச் விடுபடாதிருப்பதே இதற்குக் காரணம். பழைய மாதிரி இயந்திரங்களில் ஓடும்போது கியர் மாற்றினாலும் இவ்வோசை எழும். நிறுத்திய பின்னரே மாற்றுங்கள்.

எண்ணெயைப் பாருங்கள்

எஞ்சினை நிறுத்தி, கியர் எண்ணெயின் மட்டத்தை அளவுகோலாற் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், சேற்றுழவின்போது நீர் புகுந்துள்ளது. முழுவதையும் வடித்து, புதிதாக ஊற்ற வேண்டும். நீர் புகுந்த வழியையும் கண்டு அடையுங்கள். எண்ணெயில் இரும்புத் துகள்களோ பல்லின் துண்டோ காணப்பட்டால், இயந்திரத்தை மேலும் ஓட்டாதீர்கள். ஒரு பல்லின் துண்டு ஏனைய பற்சில்லுகளையும் அழித்துவிடும்.

கிளச் உறையின் அடியிலுள்ள வடிதுளையையும் கவனியுங்கள். அங்கு கறுத்த எஞ்சின் எண்ணெய் வடிந்தால் எஞ்சினின் பின்சீலும், தடித்த கியர் எண்ணெய் வடிந்தால் கியர்ப் பெட்டியின் முன்சீலும் பழுதாகும். அவ்வெண்ணெய் பிளேற்றிற் படுமாயின் கிளச் வழுக்கும்; புறப்படும்போது இயந்திரம் உதறும்.

நீங்களே செய்யக்கூடியவை

மிதியை அழுத்தும்போது, கிளச்சைத் தொடுமுன் மிதி தளர்வாகச் செல்லும் தூரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். பல இயந்திரங்களில் இது ஏறக்குறைய 1 அங்குலம். உங்கள் இயந்திரத்தின் கைந்நூல் கூறும் அளவே சரியானது. இத்தூரம் குறைந்தால் கிளச் வழுக்கித் தீயும். றிலீஸ் பெயாரிங்கும் ஓயாது சுழன்று தேயும். மிகுந்தால் கியர் கத்தும். உழும்போது மிதியின்மேற் காலை வைத்திருக்கும் பழக்கத்தை விட்டொழியுங்கள். புதிய பெயாரிங்கையும் அது விரைவில் அழித்துவிடும்.

பிரிக்க வேண்டி வந்தால், கிளச் பிளேற், றிலீஸ் பெயாரிங், பைலற் பெயாரிங் ஆகிய மூன்றையும் ஒருங்கே பரிசோதித்து, தேய்ந்தவற்றை மாற்றுவித்தல் நன்று. ஒன்றை மட்டும் மாற்றினால், மற்றொன்றுக்காக மீண்டும் பிரிக்கும் செலவு ஏற்படலாம். திருத்துநரிடம் செல்லும்போது, எந்நிலையில் ஓசை எழுந்தது, எந்நிலையில் மறைந்தது என்பதை எழுதிச் செல்லுங்கள். சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போகம் தொடங்குமுன் உள்ள இடைக்காலமே இச்சோதனைக்கு ஏற்றது. ஐயமுண்டாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.