பழைய டிராக்டரின் மின் அமைப்பைச் செப்பனிடுதல்

ஓடாமல் நிற்கும் டிராக்டர்கள் யாவும் கெட்டுப்போனவை அல்ல. பிஸ்டன் தேயாமல், பல்சக்கரம் உடையாமல், ஒரு கம்பியின் முனையில் பூத்த பச்சைக் களிம்பினால் மட்டுமே கொட்டகையில் உறங்கும் வண்டிகள் பல உண்டு. அவற்றைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடும் முன்னர், உடையவர் அரைநாள் பொறுமையுடன் சோதித்துப் பார்ப்பாராயின் பெரும்பொருள் மிஞ்சும். அந்தச் சோதனையை எந்த ஒழுங்கில் செய்வது என்பதையே இங்கே விளக்க முற்படுகிறோம்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1947 முதல் 1952 வரை போர்டு கம்பெனியார் செய்த 8-என் என்னும் பெட்ரோல் டிராக்டர் அது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் பல அந்நாட்டுச் சிறு பண்ணைகளில் இன்றும் உழைக்கின்றன. நம் நாட்டு டிராக்டர்கள் பெரும்பாலும் டீசலில் ஓடுவன. அவற்றில் தீப்பொறிக்கு வேலையில்லை. ஆயினும் பாட்டரி, கேபிள், செல்ப் மோட்டார் ஆகியவற்றின் நியாயம் இரண்டுக்கும் ஒன்றே.

குற்றம் எங்கே என்று அறியும் முன் கடைக்குப் போகலாகாது என்பது முதல் விதி. காயில், கண்டென்சர், பிளக் என ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்ப்பது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்துக்கடையையே நோயாளிக்குப் புகட்டுவதை ஒக்கும். மின்சாரம் வாய்க்கால் நீரைப் போன்றது. தலைமடையிலிருந்து கடைமடை வரை நடந்து பார்த்தால் உடைப்பு தானே தெரியும். இந்த வண்டியில் தலைமடை பாட்டரி. அங்கிருந்து ஸ்டார்ட்டர் ரிலேயின் முனை, அம்மீட்டர், சாவி, மின்தடைச் சுருள், காயில், டிஸ்டிரிபியூட்டரிலுள்ள பாயிண்டுகள் என்று சென்று, வண்டியின் உடலிரும்பு வழியே மின்சாரம் பாட்டரிக்கே திரும்புகிறது.

பாட்டரி 6 வோல்ட் கொண்டது. நிறைவாக ஏற்றப்பட்டிருந்தால் வோல்ட்மீட்டர் ஏறத்தாழ 6.3 வோல்ட் காட்டும். இக்காலத்து வண்டிகளில் எதிர்முனை உடலோடு இணைக்கப்படுகிறது. இதிலோ நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். பழக்கத்தினால் மாற்றி மாட்டிவிட்டால் டைனமோவுக்கும் பாட்டரிக்கும் பொருத்தம் கெட்டு, ரெகுலேட்டரின் பாயிண்டுகள் கருகக் கூடும். கழற்றும்போது உடலோடு சேர்ந்த கேபிளை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். அப்பொழுதுதான் ஸ்பானர் தவறி இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது. பாட்டரியிலிருந்து எழும் வாயு தீப்பற்றுவதாகையால், பீடி, தீக்குச்சி எதுவும் அருகே கூடாது.

அடுத்தது கேபிள். பெரும்பாலான நோய்களின் இருப்பிடம் இதுவே. 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் கொண்டு செய்யும் வேலைக்கு 6 வோல்ட்டில் 200 ஆம்பியர் வேண்டும். களிம்பேறிய ஓர் இணைப்பு 0.005 ஓம் தடை செய்கிறதென்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1 வோல்ட் வீணாகிறது. ஆறில் ஒரு பங்கு போயிற்று! அதே இணைப்பு 12 வோல்ட் வண்டியில் இருந்தால் இழப்பு இருபத்துநான்கில் ஒரு பங்கே. ஆகவே இக்காலத்து மோட்டார் கார்களுக்கு விற்கும் மெல்லிய கேபிள் இதற்கு உதவாது. தடித்த கேபிளை இட்டு, இணையும் இடங்களைப் பளிச்சென்று உலோகம் தெரியுமளவு சுரண்டி இறுக்க வேண்டும். செல்ப் மோட்டார் சுழலும்போது பாட்டரியின் நேர்முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையே வோல்ட்மீட்டரைப் பிடித்தால் ஏறத்தாழ ஒன்றுமே காட்டலாகாது. அரை வோல்ட் காட்டினாலும் அந்த இணைப்பு பழுதென்று கொள்க.

எஞ்சின் நன்கு சுழன்றும் பற்றவில்லையாயின், அம்மீட்டரைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாயை அடைத்து, கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்து, சாவியைத் திருப்பிச் சில சுற்றுகள் சுழலவிடுங்கள். ஊசி சிறிதளவு செலவுப் பக்கம் சாய்ந்தும் மீண்டும் துடித்தால், பாயிண்டுகள் ஒழுங்காக மூடித் திறக்கின்றன. ஊசி அசையாமல் பூஜ்யத்தில் நின்றால், வழியில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்டுகள் சேரவில்லை. ஒரே நிலையாகச் சாய்ந்து நின்றால், பாயிண்டுகள் பிரியவில்லை, அல்லது கண்டென்சரோ மின்காப்புத் துண்டோ கெட்டு மின்சாரம் உடலிரும்பில் வடிந்துபோகிறது. காசு செலவில்லாத இந்த ஒரு சோதனை, தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பாயிண்டுகள் மூடியிருக்கும்போது காயிலின் தடித்த சுற்றுகளில் மின்சாரம் ஓடிக் காந்தத்தை உண்டாக்குகிறது. அவை பிரிந்த கணத்தில் அக்காந்தம் சரிய, பல்லாயிரம் மெல்லிய சுற்றுகளில் பல்லாயிரம் வோல்ட் பிறந்து பிளக்கில் பொறியாகத் தாவுகிறது. பாயிண்டுகளிடையே தீ எழாமல் தடுப்பது கண்டென்சர். முதலில் வந்த 8-என் வண்டிகளில் டிஸ்டிரிபியூட்டர் எஞ்சினின் முன்புறம் இருக்கிறது. பாயிண்டுகளின் இடைவெளி 0.015 அங்குலம். 1950-ஆம் ஆண்டில் அது பக்கவாட்டுக்கு மாற்றப்பட்டது, அதற்கு 0.025 அங்குலம். கேமின் முகடு பாயிண்டை முழுதும் திறந்திருக்கும் நிலையில் பீலர் கேஜ் கொண்டு அளக்க வேண்டும். கருகிய பாயிண்டை உப்புத்தாளால் தேய்க்கலாகாது; அதன் துகள் அங்கே பதிந்து தொல்லை தரும். மெல்லிய அரத்தால் இழைத்து, தடித்த சுத்தமான காகிதத்தை இடையே இழுத்தால் போதும். முன்புற டிஸ்டிரிபியூட்டரின் அடிநாக்கு நடுவிலிருந்து சற்று விலகி அமைந்திருப்பதால் ஒரே வழியில்தான் பொருந்தும். பொருந்தாவிடில் திருப்பிப் பார்க்க வேண்டுமேயன்றி, போல்ட்டை இறுக்கி நெருக்கினால் வார்ப்பு உடைந்துவிடும்.

இவ்வளவும் சரியானால் பிளக் கம்பியை உலர்ந்த மரப்பிடியால் எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அருகே பெட்ரோல் சிந்தியிருக்கலாகாது. நீலப்பொறி படீரென்று தாவினால் நலம். மஞ்சளாக மெலிந்து காட்டினால் காயில், கண்டென்சர், மூடியிலுள்ள ஈரம், மயிரிழை வெடிப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பிளக்குகள் எரியும் வரிசை 1-2-4-3. எஞ்சின் நின்ற பின் சாவியை அணைக்க மறந்தால், பாயிண்டுகள் மூடிய நிலையில் காயில் வெந்துவிடும்.

“6 வோல்ட் போதாது, 12 ஆக மாற்றிவிடுங்கள்” என்பார் பலர். மாற்றுவது தவறன்று. ஆனால் தக்க காயிலோ கூடுதல் மின்தடையோ இடாமல் மாற்றினால் காயிலும் பாயிண்டும் விரைவில் எரிந்துபோகும். களிம்பேறிய கேபிளை மறைப்பதற்காக வோல்ட்டைக் கூட்டுவது, ஒழுகும் வாய்க்காலை அடைக்காமல் கிணற்றை ஆழப்படுத்துவது போன்றது.

இறுதியாக, உயிர் பற்றிய ஒரு சொல். இவ்வண்டியின் ஸ்டார்ட் பொத்தான் கியர்த் தண்டின் அருகே இருக்கிறது. நியூட்ரலில் அல்லாமல் அது இயங்காது. அப்பொத்தான் கெட்டபோது, சிலர் தரையில் நின்றவாறே திருப்புளியால் ஸ்டார்ட்டர் முனைகளை இணைத்து எஞ்சினைக் கிளப்புகிறார்கள். வண்டி கியரில் இருந்தால் அக்கணமே பாய்ந்து, நிற்பவர்மீதே பின்சக்கரம் ஏறும். எந்த டிராக்டரானாலும் இதன் பயன் மரணமே. பொத்தானைச் செப்பனிடுங்கள், அதுவரை வண்டி நிற்கட்டும். ஒரு நாள் உழவு தவறினால் மறுநாள் உழலாம்.

சங்கத்துக்குப் பொதுவான இயந்திரங்களில் பலர் கை படுவதால், ஒருவர் செய்ததை மற்றவர் அறிவதில்லை. ஆதலால் வண்டியோடு ஒரு குறிப்புப் புத்தகம் இருத்தல் நன்று. எந்த முனை உடலோடு சேர்ந்தது, பாயிண்டு இடைவெளி எவ்வளவு, எந்தக் கேபிள் என்று மாற்றப்பட்டது என எழுதி வைத்தால், அடுத்து வருபவர் தலைமடையிலிருந்து மீண்டும் தேட வேண்டியதில்லை. ஒருவர் அரைநாள் உழைத்துக் கண்டது எல்லோருக்கும் உடைமையாவதே கூட்டுறவு.