அடுப்பும் அதன் இரையும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடம் போகும் வழியிலுள்ள சேரப்பணஞ்சேரியில், வீட்டைச் சூடாக்க ஓர் அடுப்பு வேண்டுமென்று எவரேனும் சொன்னால், சொன்னவருக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே உஷ்ணம் நிற்கிற பிரதேசம் இது. ஆயினும், குளிர்தேசங்களில் கணப்புக்காகப் பிறந்த பெல்லட் அடுப்பு, தொழிற்சாலை ஊழியர்களுக்குச் சோறு சமைக்கும் மெஸ்காரர்கள் காஸ் சிலிண்டரின் விலையை எண்ணி அயர்கிற இவ்வட்டாரத்திலும் யோசித்துப் பார்க்கத் தகுந்த வஸ்துவே.

பெல்லட் என்பது மரத்தூள், வேர்க்கடலைத் தோல், கரும்புச் சக்கை போன்றவற்றை உலர்த்திப் பொடித்து, துளைகளிட்ட எஃகு அச்சின் வழியே பேரழுத்தத்துடன் பிதுக்கி எடுக்கும் சிறு உருளை. அவ்வழுத்தத்தில் எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, பின்பு இறுகுவதால், பெரும்பாலும் தனியாகப் பசை சேர்க்க வேண்டியதில்லை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிற்பட்ட 1980-களில் அமெரிக்க வீடுகளில் புகுந்த கணப்படுப்பு, தொட்டியிலுள்ள பெல்லட்டைத் திருகு கொண்டு சிறிது சிறிதாகத் தானே ஊட்டிக்கொண்டு, விசிறியால் அறைக்குள் வெப்பத்தைப் பரப்பும் இயந்திரம். மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

நம் நாட்டில் பெல்லட் அடுப்பின் சரித்திரம் 2006-இல், பி.பி. நிறுவனம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் துணையோடு 'ஊர்ஜா' என்ற சமையலடுப்பை வெளியிட்டபோது தொடங்கிற்று எனலாம். பெல்லட்டை நிரப்பி மேற்புறத்தில் தீ மூட்டினால், கீழிருந்து வரும் சொற்பக் காற்றில் அது வாயுவாகி, மேலே துளைகள் வழியே பாயும் காற்றோடு கலந்து, விறகு காணாத தூய ஜ்வாலையாக எரியும். காற்றை ஊதுவதற்கு மின்கலத்தால் சுழலும் ஒரு சிறு விசிறி. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள், முக்கியமாக மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும், விற்றன. அடுப்பில் பெரிய குற்றமொன்றும் இல்லை. எரிபொருளில்தான் வந்தது வினை. பெல்லட்டுக்கான கச்சாப்பொருளாகிய வேளாண் கழிவை ஆலைக் கொதிகலன்களும் தேடி வாங்கலாயின, விலை ஏறிற்று, ஏற்கெனவே காஸ் வைத்திருந்த குடும்பங்கள் அதனிடமே திரும்பின, வியாபாரத்தை ஏற்ற ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனமும் நாளடைவில் உணவகங்களின் பெரிய அடுப்புகளை நாடிற்று. விறகுப் புகையில் கண் எரிந்த ஏழைப் பெண்களுக்கென்று எண்ணப்பட்ட சாதனம், பெரும்பாலும் காஸ் உள்ள நடுத்தர வீடுகளில் துணையடுப்பாக இருந்து மறைந்ததை விந்தை என்பதா, விதி என்பதா?

ஆகையால், அடுப்பின் பளபளப்பில் மயங்குமுன், பெல்லட் எங்கிருந்து வருகிறது, அதே மூட்டைக்குப் போட்டியிடுவோர் யாவர் என்று விசாரிப்பதே முதற்காரியம் என்பது என் அபிப்பிராயம். கொதிகலன் வைத்த ஆலைகள் நிறைந்த தடத்தில் சிறு மெஸ்காரர் அவற்றுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, நிலக்கரி மின்நிலையங்களும் 5 சதவீதம் உயிர்ப்பொருள் எரிக்க வேண்டுமென்ற மத்திய அரசின் கொள்கை 2021 அக்டோபரில் வந்தது.

அடுத்தது சாம்பல். நல்ல மரத்தூள் பெல்லட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் சாம்பல், உமியில் 15 சதவீதத்தைத் தாண்டும். அது துளைகளை அடைத்து ஜ்வாலையைக் கெடுக்கும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 13152, விசிறியுள்ள அடுப்புக்கு 35 சதவீத வெப்பத்திறனையேனும் கோருகிறது என்பதைக் கடைக்காரரிடம் நினைவூட்டுவதில் பிழையில்லை. உதகை, கொடைக்கானல் போல மெய்யாகவே கணப்பு வேண்டிய இடங்களிலோ, புகைபோக்கி இல்லாத எந்த அடுப்பும் மூடிய அறையில் எமன். கரியடுப்பை உள்ளே வைத்து உறங்கியோர் எழாமற்போன செய்திகள் மலைவாசிகளுக்குப் புதியன அல்ல.

கணக்கையும் போட்டுவிடலாம். அடுப்புகளின் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிலோ காஸ் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 கிலோ பெல்லட் தேவை; அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக எண்பது, தொண்ணூறு கிலோ மூட்டைகள். அவற்றை ஐப்பசி அடைமழையில் எங்கே அடுக்குவது என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஈரம் பட்ட பெல்லட் ஓரிரவில் உப்பி, வந்த வழியே மரத்தூளாகிவிடும்.